தாண்டிக்குடித் தோட்டத்தில் ஒரு மத்தியானச் சாப்பாடு

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மலைவாசஸ்தலங்களுக்குப் போகிறவர்கள் அங்கே சுவாசிக்கிற காற்று அந்த மலைக்கே சொந்தமானது என்பதில் பரிபூரணத் திருப்தி அடைகிறார்களே ஒழிய, சாப்பிடுகிற சாப்பாடு எந்த மலைக்குச் சொந்தமானது என்று விசாரிப்பதில்லை. கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள எந்த ஓட்டலிலாவது நுழைந்து, மேஜையின்மேல் வைக்கப்படுகிற வழவழப்பான அட்டையைப் புரட்டிப் பாருங்கள். பன்னீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், சிக்கன் ஃப்ரைடு ரைஸ், இன்னும் சென்னை அண்ணா நகரிலும் கோயமுத்தூர் காந்திபுரத்திலும் நாம் தின்று சலித்த அத்தனை பதார்த்தங்களும் வரிசை பிசகாமல் அங்கே ஏறி வந்து நமக்காகக் காத்துக்கொண்டிருக்கும். ஏழாயிரம் அடி ஏறி வந்தவனுக்கு அந்த ஏழாயிரம் அடியின் அடையாளம் இலையில் ஒன்றுகூட இராது.

இந்த மனத்தாங்கல் எனக்கு நெடுநாளாக உண்டு. போதாக்குறைக்கு, 2024ஆம் வருஷம் மே மாதம் 7ஆம் தேதியிலிருந்து உயர்நீதிமன்றத்தின் உத்தரவின்பேரில் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் வாகனங்கள் போகவேண்டும் என்கிற அளவுக்கு ஜன நெருக்கடி முற்றிவிட்டது. ஆகவே இந்தத் தடவை என் தாயார், மனைவி, இரண்டு குழந்தைகள், மைத்துனர் ஆகியோர் அடங்கிய எங்கள் கோஷ்டி, மேல்மலையின் ஆரவாரத்தை விட்டுவிட்டுக் கீழ்ப்பழனி மலையைச் சேர்ந்த தாண்டிக்குடியில் தங்கியிருந்து, அங்கே ஒரு காப்பித் தோட்டக்காரர் தம் வீட்டுத் திண்ணையிலேயே நடத்திவருகிற சாப்பாட்டு ஸ்தலத்துக்குப் போய் வருவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏகமனதாக என்று எழுதிவிட்டேனே தவிர, என் மகனுடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. அவனுக்கு வேண்டியதெல்லாம் செல்போனில் சிக்னல்; அது அங்கே கிடையாது.

வத்தலக்குண்டுப் பக்கமிருந்து போனால் பட்டிவீரன்பட்டியைத் தாண்டித்தான் மலைப்பாதை ஆரம்பமாகிறது. அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வரும்: சென்னையில் ஜவுளி வாங்குகிற ஜனங்கள் பாண்டி பஜார், பாண்டி பஜார் என்கிறார்களே, அந்தப் பாண்டி வேறு யாருமல்ல, இந்தப் பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த நீதிக்கட்சித் தலைவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன்தான். பட்டிவீரன்பட்டியிலே காப்பிக் கிடங்குகளின் வாசனை தெருவரைக்கும் வரும். அங்கிருந்து வண்டி வளைந்து வளைந்து ஏற, முதலில் தென்னையும் மாவும், அப்புறம் புதர்க்காடும், அதற்கும் மேலே தடியன்குடிசையை நெருங்க நெருங்கச் சில்வர் ஓக் மரங்களும் அவற்றின் உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு ஏறுகிற மிளகுக் கொடிகளும் அவற்றின் நிழலிலே இடுப்பளவு, மார்பளவு உயரத்தில் காப்பிச் செடிகளும் தென்படத் தொடங்குகின்றன. தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன என்றால் அந்த மண் எதற்குப் பேர்போனது என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் போன தோட்டத்துக்குப் பலகை கிடையாது. முதல் நாளே தொலைபேசியில் இத்தனை பேர், இத்தனை மணிக்கு, கோழி வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிட வேண்டும். அவர் கேட்பது அவ்வளவுதான். “என்ன இருக்கும்?” என்று என் மனைவி கேட்டதற்கு, “காலையில தோட்டத்துல இறங்கினாத்தாம்மா தெரியும்” என்று பதில் வந்தது. இந்தப் பதிலை என் மைத்துனர் ஒரு வியாபாரிக்குரிய சாமர்த்தியமான பேச்சு என்று எடுத்துக்கொண்டார். என் தாயாரோ, “அப்படித்தானே எங்க காலத்துல எல்லார் வீட்டிலேயும்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டார்.

உலகத்தில் இந்த ஏற்பாடு இப்போது பெரிய நாகரிகமாகிவிட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பெர்க்லியில், 1971ஆம் வருஷம், ஆலிஸ் வாட்டர்ஸ் என்கிற அம்மையார் ‘ஷே பனீஸ்’ என்று ஓர் உணவகத்தைத் திறந்து, அன்றன்றைக்கு ஒரே ஒரு சாப்பாடு, அதுவும் அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் அப்போது விளைந்து வருகிறதைக்கொண்டு மட்டும் என்று நடத்தினார்; பண்ணையிலிருந்து நேரே இலைக்கு என்கிற இயக்கத்துக்கு அதையே ஊற்றுக்கண்ணாக அந்த ஊர்க்காரர்கள் கொண்டாடுகிறார்கள். இத்தாலிக்காரர்கள் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். குடியானவர்கள் தங்கள் பண்ணை வீட்டிலேயே விருந்தினருக்கு அறையும் சாப்பாடும் கொடுத்துச் சம்பாதிக்கலாம், ஆனால் விவசாயமே பிரதானத் தொழிலாகவும் விருந்தோம்பல் அதை ஒட்டிய துணைத் தொழிலாகவும் இருக்க வேண்டும் என்று 1985இல் அவர்கள் இயற்றிய சட்டம் விதித்தது. என்னைக் கேட்டால், அந்த இரண்டாவது நிபந்தனையில்தான் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஓட்டல்காரர் அழகுக்கென்று பின்புறத்தில் நாலு பாத்தி கீரை போடுவதும், குடியானவர் திண்ணையில் நாலு இலை போடுவதும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், மழை தவறினால் யார் பட்டினி கிடப்பார் என்ற கேள்வியைக் கேட்டவுடனே இரண்டும் வேறு வேறாகப் பிரிந்துவிடும்.

தோட்டக்காரருக்கு அறுபது வயதிருக்கலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அட்டை ஒட்டாமல் இருக்க முழங்காலுக்குக் கீழே புகையிலைத் தூளைத் தடவியிருந்தார். எங்களைக் கண்டதும் “வாங்க சார், வாங்கம்மா, பெரியம்மாவைக் கையைப் பிடிச்சு ஏத்துங்க, படி வழுக்கும்” என்று வரவேற்றுவிட்டு, அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, “ஆறு பேர் வந்துட்டாங்க” என்று குரல் கொடுத்தார். சமையல் அவருடைய மனைவியின் அதிகாரத்தில் இருந்தது. அடுப்பு விறகடுப்பு, விறகு, கவாத்துப் பண்ணின காப்பிக் கிளைகளும் சில்வர் ஓக் மிலாறுகளும். என் மனைவி அடுப்பங்கரை வாசலில் நின்றபடியே பேச்சுக் கொடுக்க ஆரம்பித்து, ஐந்து நிமிஷத்துக்குள் உள்ளே போய் மணையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பின்னாலேயே நானும் போனதனால்தான் அந்த ரசத்தின் உற்பத்தியைப் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

மிளகு அந்தத் தோட்டத்திலேயே தை, மாசியில் பறித்து, காலால் மிதித்து உதிர்த்து, பாயில் காயவைத்துத் தகரத்தில் எடுத்துவைத்தது. அந்த அம்மாள் அம்மி ஓரத்தில் ஒரு கைப்பிடியை வைத்துக் குழவியால் இரண்டே இழுப்பு இழுத்தார். பொடியாகவும் இல்லை, முழுசாகவும் இல்லை, ஒவ்வொரு மிளகும் இரண்டாகவும் மூன்றாகவும் உடைந்து உள்ளே இருக்கிற வெள்ளை தெரிந்தது. அதன்மேல் மேல்மலைப் பூண்டு ஏழெட்டுப் பல்லைத் தோலோடு நசுக்கிப் போட்டார். பூம்பாறைச் சரிவுகளில் விளைகிற அந்தப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; பல் சின்னது, காரம் பெரிது. புளி கரைத்த தண்ணீர் நுரை கட்டி மேலே எழும்பி வரும் தறுவாயில், கொதிக்க விடாமல், இந்த நசுக்கினதைப் போட்டு உடனே சட்டியை இறக்கிவிட்டார். “கொதிச்சா மணம் மோட்டுவளைக்குப் போயிரும்மா” என்றார். தாளிப்பு நெய்யில், அரை வினாடி. இத்தனைக்கும் தக்காளி இல்லை, ரசப்பொடி என்று ஒன்றும் இல்லை.

சாப்பாடு திண்ணையில், தோட்டத்து மலைவாழை இலையில். புழுங்கலரிசிச் சோறு, பலாக்கொட்டையும் மாங்காயும் போட்ட குழம்பு, சௌசௌ கூட்டு, பீன்ஸ் பொரியல், வாழைப்பூ வடை, கோழி வேண்டியவர்களுக்கு மிளகும் சின்ன வெங்காயமும் மட்டும் போட்டு வற்றவைத்த நாட்டுக்கோழி, ரசம், மோர், ஊறுகாய்க்குப் பதிலாக உப்பில் கிடந்த காந்தாரி மிளகாய். வைகாசி பிறக்கிற சமயம் பலாமரங்களுக்குப் பிரசவ காலம் ஆகையால், பலா அன்றைக்கு மூன்று ரூபத்தில் தரிசனம் தந்தது: கொட்டை குழம்பில், பிஞ்சு ஒரு கறியில், சுளை கடைசியில் தேனோடு. பீன்ஸ் பொரியல் சாதாரணந்தான். கொஞ்சம் நார் ஓடியிருந்தது. ஆனால் பலாக்கொட்டை விஷயம் வேறு. மேல்தோலை உரித்துவிட்டு அதன் கீழேயுள்ள செம்பழுப்புத் தோலை விட்டுவைத்து, இலேசாகத் தட்டிக் குழம்பில் போட்டிருந்தபடியால், கொட்டை குழையாமல் பிளந்த இடத்திலெல்லாம் புளிப்பை இழுத்துக்கொண்டிருந்தது. பல்லில் பட்டவுடன் மாவாக உதிர்ந்து, உதிர்ந்த மாவிலிருந்து மாங்காய்ச் சாறு இறங்கிற்று. என் தாயார் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் பிறத்தியார் சமையலுக்கு இரண்டாம் தடவை கேட்பது எங்கள் குடும்பத்தில் அபூர்வமான சம்பவம்.

என் மகளுக்குப் பத்து வயது. பட்டணத்தில் அவளுக்குத் தெரிந்த பட்டர் ஃப்ரூட், பிளாஸ்டிக் வலைக்குள் போட்டுக் குளிர்பெட்டியில் அடுக்கிவைத்தது. அந்த மரம் இங்கே தலைக்கு மேலே நிற்கிறது என்று தெரிந்தவுடன், “அங்கிள், எனக்குப் பட்டர் ஃப்ரூட் ஜூஸ்” என்று கேட்டுவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டு, அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஒரு கிளையைத் தாழ்த்திக் காட்டினார். குழந்தையின் கைமுட்டி அளவுக்குக்கூட வளராத, பச்சைப் பசேலென்ற காய்கள்.

“இப்ப இல்லை பாப்பா. ஆடியிலதான் முத்தும்.”

“அதுக்கு முன்னாடி பழுக்காதா?”

“முத்தினாலும் மரத்துல பழுக்கவே பழுக்காது. பறிச்சு வீட்டுல வெச்சா நாலஞ்சு நாளுல பழுக்கும். மரத்துலயே விட்டா சும்மா தொங்கிக்கிட்டுக் கெடக்கும், அப்புறம் விழுந்துரும்.”

இது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆச்சரியந்தான். தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தார் தேர்ந்தெடுத்து வெளியிட்ட டி.கே.டி. 1 என்கிற ரகத்தில் தம்மிடம் நான்கு மரங்கள் இருப்பதாகவும், மற்றவை தம் தகப்பனார் கொட்டை போட்டு வளர்த்தவை என்றும், கொட்டையில் வந்த மரம் தாயைப்போலவே காய்க்கும் என்று சத்தியம் பண்ண முடியாது என்றும் அவர் தொடர்ந்து பிரஸ்தாபித்தார். வரும் வழியில் ஒரு கடையில் நாங்கள் பார்த்த ‘பட்டர் ஃப்ரூட் மில்க் ஷேக், ஆண்டு முழுவதும் கிடைக்கும்’ என்ற பலகையை மகள் அவரிடம் சொன்னாள். அவர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட ஸ்தலங்களை நம்பலாமா என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே பரீட்சை இதுதான்: அங்கே எது இல்லை என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் இருக்கிறது என்று சொல்லுகிற தோட்டம் தோட்டமல்ல, கிடங்கு. அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்துத் ‘தம்பா பே டைம்ஸ்’ என்ற பத்திரிகை 2016இல் தன் ஊர் உணவகங்களைத் துருவி விசாரித்து, உள்ளூர்ப் பண்ணையின் காய்கறி, உள்ளூர்க் கடலின் மீன் என்று கரும்பலகையில் எழுதிவைத்தவர்களில் பலர் மொத்த வியாபாரிகளிடம் வாங்கியதையே பரிமாறி வந்தார்கள் என்று அம்பலப்படுத்திற்று. பலகையில் எழுதுவதற்குச் சுண்ணக்கட்டி போதும். மிளகு பறிப்பதற்குத்தான் ஏணி வேண்டும்.

நம் தோட்டக்காரர் இந்தப் பரீட்சையில் நான் கேட்காமலேயே தேறிவிட்டார். அரிசி பழனிப் பக்கத்து வயல்களிலிருந்து, பருப்பும் புளியும் உப்பும் பட்டிவீரன்பட்டிக் கடையிலிருந்து, தேங்காய் மலையடிவாரத்து அய்யம்பாளையத்திலிருந்து, மாங்காயும் கீழேயிருந்துதான். “இந்த மேட்டுல தென்னை வளரும் சார், காய்க்கணுமே?” என்றார். ஆக, இலையில் பாதி அந்த மலையினுடையது, பாதி மலையின் காலடியினுடையது. இதை ஒளிக்க வேண்டிய அவசியமே அவருக்குத் தோன்றவில்லை. மலை ஜனங்களும் சமவெளி ஜனங்களும் மிளகையும் உப்பையும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கித்தான் காலங்காலமாகப் பிழைத்து வந்திருக்கிறார்கள். எல்லாம் தன் வேலிக்குள்ளேயே விளைய வேண்டும் என்கிற ஆசாரம் குடியானவனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை, அது பட்டணத்தார் சேர்த்தது.

உள்ளூர் என்பதைப்பற்றி ரொம்பவும் வீறாப்புப் பேசுகிறவர்கள் அந்த இலையை மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். சௌசௌ மெக்ஸிகோ தேசத்தது. பட்டர் ஃப்ரூட்டும் அங்கே இருந்து வந்ததுதான். பீன்ஸும் காந்தாரி மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. காப்பி எத்தியோப்பியாவில் பிறந்து அரபு நாட்டு வழியாக வந்தது. அதற்கு நிழல் கொடுக்கிற சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. நம்முடைய மேற்குத்தொடர்ச்சி மலைக்கே உரியவை என்று மார்தட்டிக்கொள்ளக் கூடியவை மிளகும் பலாவுந்தாம். ஆனாலும் அந்தச் சௌசௌ அன்று காலை எட்டு மணிக்குப் பந்தலில் தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு மணிக்கு என் இலையில் இருந்தது. பூர்வோத்தரம் விசாரிப்பதைவிட இந்த ஐந்து மணி நேரத்தை விசாரிப்பது உசிதம் என்பது என் கட்சி.

சாப்பாடு முடிந்தபின் ஒரு சீப்பு மலைவாழைப் பழம் வந்தது. விருப்பாட்சி என்று அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். விரல்நீளத்துக்குச் சற்றுக் கூடுதல், இலேசாக வளைந்து, மங்கின மஞ்சள் தோலில் கறுப்புத் தட்டி, அழுகிவிட்டதோ என்று அறியாதவர் ஒதுக்கிவிடக்கூடிய தோற்றம். உரித்தாலோ உள்ளே சதை கெட்டியாக, நீர்ப்பசை குறைவாக, புளிப்பும் இனிப்பும் கலந்து ஒரு தினுசு வாசனையோடு இருக்கும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட விடாமல் பிசைகிற பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இதுவே பிரதானப் பழம் என்பதும், பஞ்சாமிர்தம் நாள்பட நிற்பதற்கு இந்த நீர்ப்பசைக் குறைவும் ஒரு காரணம் என்பதும் அவர் சொன்னவை. பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அவர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, வாழையின் கதையைச் சொல்ல ஆரம்பித்தபோது குரல் தாழ்ந்தது. எழுபதுகளிலே முடிக்கொத்து நோய் வந்தது. அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ். குருத்திலைகள் விரிய மாட்டாமல் உச்சியில் கொத்தாக நின்றுவிடும், குலை தள்ளாது, மருந்தும் கிடையாது, வேரோடு தோண்டி அழிப்பதுதான் வழி. இந்த மலைகளில் வாழையை நம்பியிருந்த குடும்பங்கள் அநேகம் காப்பிக்கும் சௌசௌவுக்கும் மாறினது அப்படித்தான். நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைப் பல்கலைக்கழகத்தார் கொடுத்த பிறகு அவர் தோட்டத்தில் மறுபடியும் வாழை வந்திருக்கிறது. இருந்தாலும் வாரம் ஒரு தடவை ஒவ்வொரு மரத்தின் உச்சியையும் அண்ணாந்து பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வருவதில்லையாம்.

பணம் கொடுக்கிற கட்டத்தில் என் மைத்துனர் முகத்தைச் சுளித்தார். தலைக்கு நானூறு ரூபாய், குழந்தைகளுக்குப் பாதி. “திண்டுக்கல்லுல இந்தக் காசுக்கு ரெண்டு பிரியாணி சாப்பிடலாமே, மச்சான்” என்று என் காதில் சொன்னார்; அவர் ரகசியம் பேசினால் அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும். தோட்டக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. நாட்டுக்கோழி ஒன்று ஆறு மாசம் வளர வேண்டும் என்றும், காட்டுமாடு ஒரு ராத்திரி உள்ளே புகுந்தால் பீன்ஸ் பாத்தி முழுவதும் போய்விடும் என்றும், ஆறு பேருக்காகக் காலையிலிருந்து மூன்று ஆட்கள் வேலை செய்திருக்கிறார்கள் என்றும் கணக்குச் சொன்னார். விலை குறைவு என்று நான் சாதிக்க வரவில்லை. தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்கிற குடும்பம் ஒன்று விடுமுறைக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடக்கூடிய விலை அது அல்ல என்பது எனக்கும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் முன்னொரு தடவை ஏரிக்கரை ஓட்டலில் அதே பணத்தைக் கொடுத்துக் குளிர்பெட்டிப் பன்னீரைத் தின்றபோது என் மைத்துனர் காதோடு காதாகக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். தாண்டிக்குடிப் பக்கத்தில் இந்த மாதிரி சாப்பாடு போடுகிற தோட்ட வீடுகள் உண்டு. தங்குகிற விடுதியில் விசாரித்தால் சொல்வார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போய் நின்றால் மோர்தான் கிடைக்கும். கையில் ரொக்கம் இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே உதவாது. சாயங்காலம் மூடுபனி இறங்குவதற்குள் வண்டி புறப்பட்டுவிட வேண்டும், ஓட்டுகிறவர் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொள்ளாமல் இருப்பது எல்லோருக்கும் க்ஷேமம். கார்த்திகையிலிருந்து தை முடிகிற வரைக்கும் நாங்கள் போன வீட்டில் சாப்பாடே கிடையாது. அது காப்பிப் பழம் எடுக்கிற காலம், சமைக்கிற கைகள் உட்பட எல்லாக் கைகளும் செடியண்டையில் இருக்கும். “அப்பத்தானே சார் டூரிஸ்ட் நிறைய வருவாங்க, அதை விடலாமா?” என்று என் மைத்துனர் தமக்குத் தெரிந்த வியாபார தர்மத்தை உபதேசித்தார். “அப்பத்தான் சார் காப்பியும் பழுக்குது” என்றார் அவர், மிச்சச் சில்லறையை எண்ணிக்கொண்டே.

என் மகள் ஆடி மாதம் வருவதாக அவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஆடியில் பள்ளிக்கூடம் விடுமுறை விடாது என்று நான் எடுத்துச் சொல்லியாயிற்று. அவள் காலண்டரைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, அந்த மாதத்தில் எத்தனை சனி, ஞாயிறு வருகிறது, அவற்றில் எதற்கு முன்னாலாவது வெள்ளிக்கிழமை லீவு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.